வெறும் காத்து, சமைக்காதீங்க

ஒன்பது வாரம் ஃப்ரீசரில் கிடந்த பை தளர்ந்துதான் இருக்க வேண்டும். குளிர் ஏற ஏறக் காற்று சுருங்கும், பையும் பட்டினி கிடந்த வயிறு மாதிரி ஒட்டிப்போகும். பத்து வருடமாகக் காய்கறியைப் பையில் கட்டி உறைய வைத்துக்கொண்டிருப்பவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பீன்ஸ் பாக்கெட்டுகளுக்கு அடியில் அன்று மத்தியானம் அவள் கையில் தட்டுப்பட்ட பை, யாரோ இப்போதுதான் ஊதிக் கட்டிவிட்டுப் போனது போலக் கிண்ணென்று இருந்தது.

உள்ளே ஒரு காய் இல்லை, ஒரு தழை இல்லை. வெளியே ஒட்டியிருந்த சீட்டில் கோணல்மாணலான எழுத்து: ‘வெறும் காத்து. சமைக்காதீங்க.’ கீழே தேதி.

அவள் முதலில் சிரித்துவிட்டாள். ஏழு வாரத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அப்புறம்தான் எழுத்து யாருடையது என்பது நெஞ்சில் இறங்கியது. திறந்த ஃப்ரீசரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

எழுதியது அவள் மகள். எட்டு வயது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் நீளமாக ஒரு பெயர் இருந்தாலும் வீட்டிலும் தெருவிலும் வாலு என்றால்தான் தெரியும். ஏழு வாரத்துக்கு முன்னால், நெஞ்சில் சளி கட்டி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குப் போராடி, வாலு செத்துப்போனாள்.

வாலுவின் அப்பா காய்கறிக் கடைக்காரர். தெருமுனையில் கடை. விடியுமுன்னே போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார். வரும்போது அன்று விற்காத காய் ஒரு கூடை கூடவே வரும். நுனி வாடிய பீன்ஸ், ஒரு பக்கம் புள்ளி விழுந்த காலிஃபிளவர், யாரோ நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு வைத்துப்போன கேரட். விளைந்த பொருளைக் குப்பையில் கொட்டினால் அவளுக்குச் சோறு இறங்காது. அதற்காகவே மூடிப்போன ஒரு ஐஸ்கிரீம் கடையிலிருந்து பெட்டி மாதிரிப் படுத்திருக்கும் இந்தப் பெரிய ஃப்ரீசரை வாங்கி, சமையலறைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் போட்டிருந்தார்கள்.

உறைய வைப்பதை அவள் ஒரு தவம் மாதிரி செய்வாள். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் பீன்ஸுக்கு மூன்று நிமிடம், பட்டாணிக்கு ஒன்றரை. எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் முக்கல். பிறகு துண்டில் பரப்பி ஈரம் ஒற்றி, தட்டில் ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்கி உறையவிட்டு, மறுநாள் பையில் போட்டுக் கட்டல். சமைக்கிற அளவுக்கு மட்டும்தான் ஒவ்வொரு பையும். ஏனென்றால் ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. உள்ளே உறைந்த தண்ணீர் காயின் உடம்பைக் கிழித்திருக்கும். உருகினால் ஒழுகும், மறுபடி உறைந்தால் இன்னும் கிழியும், கடைசியில் கூழ்தான் மிஞ்சும். இதைத் தெருவில் கேட்டவர்களுக்கும் சொல்வாள், கேட்காதவர்களை நிறுத்தியும் சொல்வாள்.

பையைக் கட்டுமுன் உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பனி பூத்துக் காய் வெளுத்துப்போகும். அந்த வேலை வாலுவுடையது. பையின் வாயில் ஒரு ஸ்ட்ராவைச் செருகி, கன்னம் குழிய உறிஞ்சி, கண்ணை உருட்டி மயங்கி விழுகிற மாதிரி நடிப்பாள். சீட்டு எழுதுவதும் அவள்தான். ஒரு நாள் வரிசையாக இருபது பை பட்டாணி. வாய் வலிக்கிறது என்று சிணுங்கினாள். ‘சாப்பிடும்போது மட்டும் வலிக்காதோ?’ என்று அம்மா கேட்டாள். அன்றைக்குத்தான் உறிஞ்சுவதற்குப் பதில் ஒரு பையை ஊதிக் கட்டி, சீட்டு ஒட்டி, அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள் கள்ளி. அம்மா எப்போதாவது எடுத்துப் பார்த்து அசடு வழியட்டும் என்று.

அவள் பையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பையின் உட்புறம் வெள்ளையாக மூடியது. பிறகு தெளிந்தது. மறுபடி மூடியது.

கைச்சூடு என்று நினைத்தாள். பையைப் பெட்டியின் விளிம்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். மூடியது. தெளிந்தது. அந்த இடைவெளி அவளுக்குத் தெரிந்த இடைவெளி. ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் உட்கார்ந்து மூன்று நாள் அவள் எண்ணியது அதைத்தான்.

பையைப் பத்திரமாகப் பழைய இடத்திலேயே வைத்து மூடியை இறக்கினாள். மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் கடைக்காரர் கூடையை இறக்கி வைத்தார். முந்திய நாள் கூடையும், அதற்கு முந்தியதும் அங்கேயே இருந்தன. வாலு போன பிறகு அவள் ஒரு பீன்ஸைக்கூட நறுக்கவில்லை. அடியில் தக்காளி உடைந்து, புளித்த வாடை சமையலறை முழுக்கச் சூழ்ந்திருந்தது.

“அந்த ஃப்ரீசரக் காலி பண்ணிடலாமா?” என்றார். “அக்கம்பக்கத்துல குடுத்துட்டு, பெட்டியையும் யாருக்காவது தள்ளி விட்டுடலாம். அதத் தெறந்தாலே புள்ள கையெழுத்துதான். என்னால முடியல.”

“அத மட்டும் தொடாதீங்க.”

“நான் உன் நல்லதுக்குத்தான்...”

“தொடாதீங்கன்னா தொடாதீங்க!”

மகளைப் புதைத்துவிட்டு வந்த மறுநாளே கடையைத் திறந்தவர் அவர். கல்நெஞ்சன் என்று ஊர் சொன்னது. வீட்டில் உட்கார்ந்தால் செத்துவிடுவோம் என்ற பயத்தில்தான் போனார் என்பது அவளுக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை, இருவருக்குமே.

மறுநாள் அவர் போனதும் பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் வந்து உட்கார்ந்தாள். நல்ல வெயில். பையை மடியில் கிடத்தி, பிள்ளைக்கு முதுகைத் தடவுவது போலத் தடவிக்கொண்டிருந்தாள். ஓரத்துப் பனி கரைந்து சேலையில் சொட்டியது. பை இன்னும் விம்மியது. முடிச்சிலிருந்து மெல்லிய ஒரு சீறல். கொசு ரீங்காரத்தை விடச் சன்னமாக. அவள் காதைக் கொண்டுபோய் அதில் வைத்தாள்.

“அம்மா.”

பயந்தாளா என்றால், பயந்தாள். ஆனால் பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்! பயம் ஒரு பக்கம் கிடக்க, சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது.

“என்னடா? என்னடா கண்ணு? அம்மா இங்கதான்டா இருக்கேன்.”

“குளிருதும்மா.”

அந்தச் சொல். காய்ச்சல் வந்த முதல் நாளும் வாலு இதையேதான் சொன்னாள். சமையலறை வாசலில் போர்வையோடு வந்து நின்று சொன்னாள். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது, ஒரு கூடை காலிஃபிளவர் நறுக்கி வைத்திருந்தது. விட்டால் கறுத்துவிடும். ‘இன்னொரு போர்வை எடுத்துப் போத்திக்கிட்டுப் படு, இதோ வந்துட்டேன்’ என்றாள் அம்மா. முழுக் கூடையையும் முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது குழந்தையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அந்தக் காலிஃபிளவரில் ஒரு பூக்கூட வீணாகவில்லை. இன்னமும் ஃப்ரீசரில் இருக்கிறது.

இந்த முறை அவள் தாமதிக்கவில்லை. பையை முந்தானைக்குள் இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பனிக்கட்டியை அணைத்த மாதிரி எலும்புவரை சில்லிட்டது. சீறல் பலத்தது. “அம்மா, அம்மா, அம்மா” என்று குரல் தெளிந்து வர வர, கைக்குள் இருந்த பை தளர்வது தெரிந்தது. முடிச்சு வழியே கசிகிறது. சூடு ஏற ஏறக் கசிகிறது. வருகிற ஒவ்வொரு ‘அம்மா’வும் உள்ளே இருப்பதிலிருந்து கழிகிறது.

எழுந்து ஓடினாள். ஃப்ரீசரைத் திறந்து, பையை வைத்து, முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சு போட்டாள்.

“மூடாதம்மா. இருட்டா இருக்கு.”

“கொஞ்ச நேரம்டா. அம்மா நாளைக்கு எடுக்குறேன்டா.”

மூடினாள். மூடிய பிறகு அதன்மேல் கவிழ்ந்து படுத்து அழுதாள். பிள்ளை குளிருது என்று சொல்லச் சொல்ல இரண்டாவது தடவையும் அவளே அதைத் தள்ளி வைத்திருக்கிறாள். வேறு வழி தெரிந்தால் செய்யமாட்டாளா?

நாளைக்கு என்று சொன்னவள் மறுநாளும் எடுத்தாள், அதற்கு அடுத்த நாளும் எடுத்தாள். ஒரு நிமிடம் என்று எண்ணி எடுப்பாள், மூன்று நிமிடமாகும். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிய விதி அவளுக்குத் தோன்றவே இல்லை. ஐந்தாம் நாள் காதை வைத்தபோது வந்த குரலில் ஈரம் இருந்தது. ‘அம்மா’வின் முன்பாதி குழைந்து ‘ம்ம்மா’ என்று வழிந்தது. ஆறாம் நாள் சொல்லுக்கு நடுவே ஏதோ கொழகொழத்தது. ஏழாம் நாள் ‘குளிருது’ என்பது குளிருதாகவே இல்லை. அரைத்து ஊற்றிய மாதிரி ஒரு ஓசை, அதற்குள்ளிருந்து வாலுவின் இருமல் மட்டும் முழுசாக.

பையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உறைந்து நின்றாள். உருகி உறைந்த பட்டாணி கண்ணுக்கு முன்னால் வந்தது. தோல் கழன்று, நீர் பிரிந்து, விரலில் பிசுபிசுக்கிற பட்டாணி.

அந்த நேரம் பார்த்து, கீழ்வீட்டில் துணி தைக்கிற அக்கா படியேறி வந்துவிட்டாள். கடைக்காரர்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார், வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லி. நல்ல மனுஷி. ஆனால் வாயும் கையும் சேர்ந்தே வேலை செய்யும்.

“பாக்கெட்ட பூராவும் என்ன பண்ணப் போறே தங்கச்சி? ரெண்டு பீன்ஸ் குடு போதும். இதென்ன, பலூன் மாதிரி ஊதிக்கிட்டிருக்கு? உள்ள காத்து புகுந்திருக்கு பாரு, கெட்டுப்போச்சு. அவுத்துக் கொட்டிடு.” சொல்லிக்கொண்டே முடிச்சில் விரலை வைத்துவிட்டாள்.

அவள் அக்காவின் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் வளையல் உடைந்தது.

டெய்லரக்கா கையைத் தடவிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். கோபப்படவில்லை. “அழுதுடு தங்கச்சி. உள்ளேயே வெச்சுக்கிட்டிருக்காத,” என்று சொல்லிவிட்டு மெல்லப் படியிறங்கினாள். பாதிப் படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “யாரு இருமுறா உள்ள?” என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை.

அப்படியானால் இது தன் பிரமை இல்லை. பிரமையாக இருந்தால் தேவலையே என்று அப்போது நினைத்தாள்.

ராத்திரி முழுக்க யோசித்து, மறுநாள் மத்தியானம் முடிவுக்கு வந்தாள். தப்பு எங்கே நடந்தது? முழுப் பையையும் எடுத்து எடுத்து வைத்ததுதான் தப்பு. சமைக்கிற அளவுக்குப் பிரித்து வைத்திருந்தால் ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறைதான் உருகும், மீதி அப்படியே புதிதாக இருக்கும். பத்து வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. பிள்ளை விஷயத்தில் மட்டும் புத்தி கெட்டுப்போய்விட்டது.

சின்னப் பைகளாக எடுத்து வைத்துக்கொண்டாள். கையின் சூடு படக்கூடாது என்று ஐஸ் தண்ணீரில் விரலை மரத்துப்போகும்வரை முக்கினாள். பெரிய பையின் முடிச்சை நெகிழ்த்தி ஸ்ட்ராவைச் செருகி, மறுமுனையைச் சின்னப் பைக்குள் விட்டு, மெல்ல அமுக்கினாள். ஒரு மிடறு. கட்டு. அடுத்த பை. இன்னொரு மிடறு. கட்டு. வேலை ஓட ஓட அவளுக்குள் ஒரு நிதானம் வந்தது. எட்டு வாரத்தில் வராத நிதானம். ஒரு துளிகூடச் சிந்தவில்லை.

நடுவில் ஒருதரம் பெரிய பைக்குள்ளிருந்து ஏதோ கேட்டது. “வலிக்குது” என்பது போல. பழைய குழைந்த குரல்தான், சரியாகப் புரியவில்லை. “ஆச்சுடா, ஆச்சுடா” என்று சொல்லிக்கொண்டே அமுக்கினாள்.

மொத்தம் முப்பத்திரண்டு பை. பெரிய பை வெறும் தோலாகச் சுருண்டு கிடந்தது. ஒவ்வொரு சின்னப் பையிலும் சீட்டு ஒட்டி ‘வாலு’ என்று எழுதித் தேதி போட்டாள். ஒன்றை ஒன்று தொடாமல் தட்டில் அடுக்கி ஃப்ரீசரில் வைத்தாள். மாதம் ஒன்று எடுத்தாலும் இரண்டரை வருடத்துக்கு மேல் வரும் என்று கணக்குப் போட்டுச் சிரித்துக்கொண்டாள். வெகு நாளைக்கப்புறம் வயிறாரச் சாப்பிட்டாள். கூடையிலிருந்த அழுகலைக் கொட்டி, சமையலறையைக் கழுவிவிட்டாள். சாயங்காலம் வந்த கடைக்காரர் தரை பளிச்சென்று இருப்பதைப் பார்த்துவிட்டு அவள் தலையில் கை வைத்தார்.

மாதம் ஒன்று என்றவளுக்கு ஒரு நாள் தாங்கவில்லை. மறுநாள் மதியம் ஒரு பையை எடுத்து வந்து வெயிலில் உட்கார்ந்தாள். விம்மியது. முடிச்சு சீறியது. காதை வைத்தாள்.

சொல் எதுவும் வரவில்லை. ஒரு தேம்பல் மட்டும். பாதித் தேம்பல். மூச்சை உள்ளே இழுக்கிற பாதி இருந்தது, வெளியே விடுகிற பாதி இல்லை. இழுத்தது. மறுபடி இழுத்தது. விட முடியாமல் இழுத்துக்கொண்டே இருந்தது. பை தளர்ந்து, கையில் ஈரத் தோலாக ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். அது போயே போய்விட்டது.

உள்ளே ஓடினாள். மூடியைத் தூக்கினாள்.

குளிர்ப்புகை எழுந்து முகத்தில் அடித்தது. மோட்டார் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். சரசரவென்று. பிளாஸ்டிக் உரசுகிற சத்தம். புகை விலகியது.

முப்பத்தொரு பை. எல்லாம் மூடின. தெளிந்தன. ஒன்றோடு ஒன்று சேர்ந்து அல்ல. ஒன்று மூடும்போது ஒன்று தெளிந்தது. ஒன்று படபடவென்று மூடித் தெளிந்தது. ஒன்று வெகுநேரம் மூடியே கிடந்தது.

“அம்மா.”

தட்டின் மூலையிலிருந்து. துல்லியமாக. துளி குழைவில்லாமல். அவள் ஆசைப்பட்ட மாதிரியே, புதிதாக.

“அம்மா, மீதி நானு எங்க?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நடுவிலிருந்து ஒரு இருமல். பக்கத்தில் ஒரு சிரிப்பு, வெறும் சிரிப்பு, நிற்கவே தெரியாத சிரிப்பு. இந்தப் பக்கம் “குளி” என்றது ஒன்று. “குளி. குளி.” அந்தப் பக்கம் “ருது” என்றது இன்னொன்று. 

பின்னால் கூடை விழுந்தது. பீன்ஸ் தரையெல்லாம் சிதறியது. கடைக்காரர். அன்று பார்த்துச் சீக்கிரமே கடையடைத்துவிட்டு எப்போது வந்தாரோ. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. அவர் முகம் இதுவரை அவள் பார்க்காத முகமாக இருந்தது.

“என்னடி பண்ணி வெச்சிருக்க?”

“கெட்டுப்போகக் கூடாதுன்னுதாங்க...”

அவர் முட்டி போட்டு விழுந்து இரண்டு கையையும் உள்ளே விட்டார். அள்ளினார். ஆறேழு பைகளை மார்போடு சேர்த்து அணைத்தார். அணைத்த மறுகணம் சூடு பட்டு முடிச்சுகள் சீறத் தொடங்கின. “அப்பா” என்றது ஒன்று. “அப்பா” என்றது இன்னொன்று. ஒன்று கத்தியது. சொல் இல்லாத கத்தல்.

“கீழ வைங்க! சூடு படக்கூடாது! போயிடும், வைங்க!”

“சேத்துடு,” என்றார் அவர். கண்ணீர் தாடியில் வழிந்தது. “எப்படியாவது ஒண்ணா சேத்துடு.”

“அவுத்தா போயிடுமேங்க. அவுத்தா ஒண்ணுமே இருக்காதே.”

அவர் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தட்டில் வைத்தாள். இரண்டு ஏற்கெனவே சப்பிப்போயிருந்தன. அந்த இரண்டையும் அவர் விடவில்லை. விரலுக்கிடையில் வைத்துக்கொண்டு, இல்லாத ஒன்றை மறுபடி ஊதப் பார்த்தார். அவருடைய மூச்சுதான் உள்ளே போனது.

தட்டில் ஒன்றை ஒன்று தொடாமல் அவள் அடுக்கி வைத்திருந்த பைகள் இப்போது அடுக்கிய இடத்தில் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூலையில் இருந்தது ஒருமுறை விம்மிச் சுருங்கி அரை விரல் நகர்ந்தது. பனியில் ஒரு கோடு விழுந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று நகர்ந்தது. பிறகு எல்லாம். விம்மி, சுருங்கி, பனியைத் தேய்த்துக்கொண்டு, குருட்டுக் குட்டிகள் மாதிரி ஒன்றை ஒன்று தேடிக்கொண்டு.

“எங்க?”

“இங்க.”

“எங்க?”

இரண்டு பைகள் முட்டிக்கொண்டன. இருபக்கமும் பிளாஸ்டிக் குழிந்து, உதடு மாதிரி ஒட்டி, உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தது. முடிச்சுகள் அவள் போட்டவை. இரட்டை முடிச்சு, பத்து வருடப் பழக்கம், ஒருபோதும் அவிழ்ந்ததில்லை.